குறைத்து வாங்கிய முயல்கள்

என் மனைவிக்கு எங்கள் தெருவில் கறார் அக்கா என்று பெயர். துணிக்கடை நடத்துகிறாள். மொத்த வியாபாரி என்ன விலை சொன்னாலும் அதில் பாதிக்கு இழுத்துக்கொண்டு வந்த பிறகுதான் மூச்சு விடுவாள். அப்பேர்ப்பட்டவளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். விஞ்ஞானி அல்லாத ஒருவர் அதில் இருந்தே ஆகவேண்டுமாம். குழு சரி என்றால்தான் அங்கே ஓர் எலிக்குக்கூட ஊசி போட முடியும்.

முதல் கூட்டத்திலேயே ஓர் இளம் ஆராய்ச்சியாளர் நாற்பது முயல் கேட்டு வந்தார். உடைந்த எலும்பைச் சீக்கிரம் கூட வைக்கும் மருந்துக்கான சோதனை. கடைசியில் எலும்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதால் ஒரு முயலும் பிழைக்காது. அதைக் கேட்டதும் இவள் விதிப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறாள். விலங்குகளின் எண்ணிக்கையை முடிந்தவரை குறைக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. இவளுக்கு அது போதாதா?

"நாப்பதெல்லாம் ரொம்ப அதிகம் தம்பி. இருபதுல முடிங்க."

"மேடம், நான் கணக்குப் போட்டுத்தான்..."

"எல்லாரும் கணக்குப் போட்டுத்தான் வர்றாங்க. சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம், இருபத்துநாலு."

கால்நடை மருத்துவர் சிரித்துவிட்டார். தலைவர் தலையாட்டினார். இன்னும் பேசினால் அனுமதியே கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அந்தப் பையன் வாயை மூடிக்கொண்டான். வீட்டுக்கு வந்து இவள் நடித்துக்காட்ட, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முடிவெட்டுபவரிலிருந்து எதிர்வீட்டுக்காரர் வரை, "பதினாறு உயிரைக் காப்பாத்திட்டு வந்திருக்கா" என்று பீற்றிக்கொண்டேன்.

மறுவருடம் அந்த ஆராய்ச்சியாளர் எங்கள் கடைக்கே வந்தார். இவள் ஆசையாக ஒரு துணிச்சுருளைப் பிரித்தாள்.

"வாங்க தம்பி. சட்டைத்துணிதானே?"

"இல்ல மேடம். அந்த முயல் சோதனை முடிஞ்சிடுச்சு. மருந்து வேலை செய்யற மாதிரிதான் தெரியுது. ஆனா உறுதியாச் சொல்ல முடியல. இருபத்துநாலு பத்தல."

"அதுக்கென்ன, மிச்சம் பதினாறைச் சேர்த்துக்கங்க. நான் சொல்றேன் அவங்ககிட்ட."

"அப்படிச் சேர்க்கக் கூடாது மேடம். முடிவைப் பார்த்துட்டு அப்புறம் முயல் சேர்த்தா, வேண்டிய விடை வர்ற வரைக்கும் சேர்த்துக்கிட்டே போகலாமே, அது சோதனையே இல்ல. முதல்லருந்து நாப்பதும் புதுசா வேணும்."

"அப்ப அந்த இருபத்துநாலு?"

"செத்தது வீணாப் போச்சு மேடம். நான் அன்னைக்கே அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் தம்பி, அத்தனை படிச்சவங்க உக்காந்திருந்தீங்களே, ஒருத்தருக்கும் வாய் இல்லையா?"

"அவரை ஏங்க திட்டுறீங்க?" என்றாள் இவள். "நான் பேச விட்டேனா?"

அன்று சாயங்காலம் மொத்த வியாபாரி வந்தார். அவர் சொன்ன விலையை அப்படியே ஒத்துக்கொண்டாள். அவரே ஒரு நிமிடம் திகைத்துப்போய், உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்துக்கான காகிதங்கள் வீட்டுக்கு வந்தன. மறுபடியும் நாற்பது முயல். சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், சாப்பிடவே இல்லை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"பேசாம எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துடு. உனக்கு எதுக்கு இந்தப் பாவம்?"

"நான் வந்துட்டா முயல் பிழைச்சுக்குமா? எனக்குப் பதிலா இன்னொருத்தி வந்து, நல்லது செய்றதா நினைச்சு, இதையேதான் செய்வா."

பிறகு போனை எடுத்து ஆராய்ச்சியாளரைக் கூப்பிட்டாள். அவளுடைய வியாபாரக் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"தம்பி, நாப்பது போதுமா? பயப்படாம சொல்லுங்க. பாதியில ரெண்டு மூணு சீக்கு வந்து செத்துட்டா என்ன பண்ணுவீங்க? ... அப்ப அதையும் சேர்த்துக் கேளுங்க. ஆறா? ஆறே எழுதுங்க. நான் கை தூக்கறேன். இன்னொரு தடவை பத்தலைன்னு மட்டும் வந்து நிக்காதீங்க, சாமி."

போனை வைத்தாள். காகிதங்களை என் பக்கம் தள்ளினாள். நான் வாங்கி அடுக்கினேன்.

"இந்த ஆறு முயலையும் நானா கேட்டு வாங்கினேங்க" என்று சொல்லி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.