ஐதாவின் ஓநாய்த் தோல்

தர்க்னா ஊரில் இறந்தவர்களுக்காகக் கல்லறைச் சுவர்களில் படம் எழுத ஆரம்பித்து எனக்கு இருபது வருஷமாகிறது. குறை சொன்னவர்கள் உண்டு. எழுதியதைக் கொத்தி எறி என்று மூஞ்சிக்கு நேரே சொன்னது ராவ்ந்து அம்மாள் ஒருத்திதான்.

காய்ச்சலில் இறந்துபோன அவளுடைய ஆறு வயது மகள் ஹஸ்தியாவை மறுநாள் இந்தக் கல்லறைக்குள் கொண்டுவர வேண்டும். சுவரில் பாதாளத்து விருந்து முடிந்திருந்தது. சாய்ந்து சாப்பிடும் நடுக்கட்டிலில் இறந்தவர்களின் ராஜா ஐதா, பக்கத்தில் அவர் மனைவி, அவர்கள் அருகில் குழந்தைக்கு ஒரு சின்ன இடம். ஐதாவின் தலையில் வழக்கம்போல ஓநாய்த் தோல். அதன் பல்லுக்கு மட்டும் அரை நாள் மெனக்கெட்டிருந்தேன்.

"தலையில என்னப்பா அது?" என்றாள், சுவரைப் பார்க்க வந்த அம்மாள்.

"ஓநாய், அம்மா. ஐதாவுக்கு எப்பவும் அப்படித்தானே எழுதுவோம்."

"எடு அதை."

எனக்குச் சுருக்கென்றது. "ஈரச் சுண்ணாம்புல ஊறிப்போன வண்ணம். துடைச்சா போகாது."

"அப்ப கொத்தி எடு! போன வருஷம் பட்டியில ஓநாய் ஆட்டுக்குட்டியைக் கிழிச்சதை என் பொண்ணு நேர்ல பார்த்தா. அதுலேர்ந்து விளக்கு இல்லாம தூங்கினதே இல்ல. காய்ச்சல்ல கடைசியாப் பேசினதும் 'அம்மா, ஓநாய் வருது'ன்னுதான். வராதுடி, நான் இருக்கேன்னு சொன்னேன். நீ அதைக் கொண்டுவந்து அவ பக்கத்துலயே உட்கார வச்சிருக்கே!"

சத்தம் கேட்டு, ஆட்டு ஈரல் பார்த்துக் குறி சொல்லும் பூசாரி சேத்ரே படியிறங்கி வந்தார்.

"ஓநாய்த் தோல் இல்லேன்னா அது ஐதாவா? தாடி வச்ச எவனோ ஒருத்தன். ராஜா யாருன்னு உன் மகளுக்கு எப்படித் தெரியும்?"

"அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"சாமிக்குக் கோபம் வரும்மா."

"வரட்டுமே! எனக்கு வரலையா? ஒத்தைப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போனவருக்கு, சாப்பிட உட்காரும்போது அதைக் கழட்டி வைக்கத் தெரியாதா?"

பூசாரி என் பக்கம் திரும்பினார். "அதுல கை வச்சே, இந்த ஊர்ல இனி உனக்கு ஒரு சுவரும் கிடைக்காது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சரிதான். ஐதா ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரலைப் பார்த்துவிட்டுக் கறியையும் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகிற இந்த ஆள் அவருக்காகக் கொதிக்கிறார். அந்தப் பல்லை ரசித்து ரசித்து எழுதிய என்மீதும் எனக்கு ஆத்திரம் வந்தது. உளியை எடுத்தேன். முதல் சில்லு விழுந்ததுமே பூசாரி திட்டிக்கொண்டே வெளியேறினார்.

புதிதாகச் சுண்ணாம்பு பூசி, ஐதாவுக்கு நரைமுடி எழுதினேன். நெற்றியில் கொஞ்சம் வழுக்கை. அம்மாள் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரை எழுதினாலும் தலைக்கு மேல் பெயர் போடுவது எங்கள் வழக்கம். தூரிகையைக் கருப்பில் தோய்த்தேன்.

"பேராவது போடணும் அம்மா. ஐதான்னு எழுதட்டுமா?"

அவள் அந்த முகத்தை முறைத்தாள். கோபம் துளியும் இறங்கவில்லை.

"வேண்டாம். அவ எழுத்துக் கூட்டிப் படிச்சிடுவா," என்றாள். "மாமான்னு எழுது."