வழியில் நிற்கக் கூடாது

அப்பாவின் துப்பாக்கிகளை டிக்கியில் அடுக்கியவள் நான்தான். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்து, பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்தேன். தோட்டாக்களுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. நியூ ஜெர்சியில் சில வகைத் தோட்டாக்களை வைத்திருந்தாலே வம்பு என்று படித்திருந்தேன். சொன்னதும் மறுபேச்சில்லாமல் அவற்றைப் பக்கத்து வீட்டு எர்லுக்குக் கொடுத்துவிட்டார். அப்பா என் பேச்சைக் கேட்டு ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பென்சில்வேனியாவில் லெவிட்டவுன் வீட்டை விற்றுவிட்டு அவரும் அம்மாவும் வெர்மான்ட்டுக்குக் குடிபோகிறார்கள். சாமான்களெல்லாம் லாரியில் போய்விட்டன. எங்கள் பக்கத்து ஆண்கள் மனைவியின் நகையை லாரிக்காரனிடம் கொடுத்தாலும் கொடுப்பார்கள், துப்பாக்கியைக் கொடுக்க மாட்டார்கள். அப்பாவுக்கு அப்போதுதான் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்து கட்டுப் போட்டிருந்தது. அதனால் வண்டியை நான் ஓட்டுவதாக ஏற்பாடு.

பகலில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். மாலையில் கல்லூரியில் வக்கீல் உதவியாளர் படிப்பு. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, கேட்காமலேயே, சட்டத்தை விளக்கினேன். புறப்படும் மாநிலத்திலும் போய்ச் சேரும் மாநிலத்திலும் இந்தத் துப்பாக்கிகள் நமக்குச் சட்டப்படி சொந்தம். இடையில் வரும் நியூ ஜெர்சியும் நியூ யார்க்கும் கறாரானவை. குண்டில்லாமல் பூட்டி டிக்கியில் வைத்துக்கொண்டு நேராகக் கடந்து போனால் மத்திய சட்டம் காப்பாற்றும். பெட்ரோலுக்கும் கழிப்பறைக்கும் நிற்கலாம். வேறு சோலிக்காக வழி விலகினால் அந்தப் பாதுகாப்பு மிஞ்சுமா என்பது சந்தேகம். மாட்டினால் சிறை.

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவ்வளவு கவனமாக அவர் எதையும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் கிளிஃப் போன் செய்தான். அவன் பெர்னீஸ் பெரியம்மாவின் மகன். பெரியம்மாவை மாரிஸ்டவுனில் ஒரு கடைசிக்காலப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். சாப்பாட்டை நிறுத்தியாகிவிட்டது, தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கிறார்கள், என் அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றான். மாரிஸ்டவுன் நாங்கள் போகும் சாலையிலேயே இருக்கிறது. நெடுஞ்சாலையை விட்டு எக்ஸிட்டில் இறங்கினால் கால் மணி நேரம்கூட ஆகாது.

"நிக்க முடியாது லொரெய்ன்," என்றார் அப்பா அம்மாவிடம். "சட்டம்."

பெரியம்மாமேல் அவருக்குப் பழைய பகை. எனக்கு ஐந்து வயதில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போனபோது கதவைத் திறந்தவள் அவள். போய் நின்ற அப்பாவிடம் கொசுவலைக் கதவைக்கூடத் திறக்காமல் பேசி அனுப்பியவளும் அவள்தான். அம்மா பிறகு திரும்பி வந்துவிட்டாள். அந்தக் கதவை அப்பா மறக்கவில்லை.

"துப்பாக்கியெல்லாம் எர்ல்கிட்ட வச்சிட்டுப் போலாமே. அப்புறம் நீயே வந்து எடுத்துக்கோ," என்றாள் அம்மா.

"எர்ல் வீட்ல மூணு தடிப்பசங்க இருக்கானுங்க. உங்க அக்கா எங்கயும் போயிட மாட்டா. அவனுங்க என் துப்பாக்கியத் தூக்கிட்டுப் போயிடுவானுங்க."

"போயிடுவா வெண்டல். அதுக்குத்தானே போன் பண்ணான்."

"அப்ப நல்ல சமயம் பாத்து என் சட்டத்துல வந்து மாட்டறா."

டெலவேர் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் நுழைந்ததும் அப்பா சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். வேகத்தைக் கூட்டாதே, தடம் மாறும்போது விளக்குப் போடு என்று ஒவ்வொன்றையும் இனிமையாகச் சொன்னார். பின்சீட்டில் அம்மா மடியில் ஒரு பை வைத்திருந்தாள். அதில் பெரியம்மாவுக்காக வாங்கிய கம்பளிக் காலுறை. அவளுக்கு எப்போதும் கால் சில்லிட்டுப் போகும்.

பெர்னார்ட்ஸ்வில்லைத் தாண்டும்போது அம்மா என்னிடம் கேட்டாள். "மெர், பத்து நிமிஷம் நின்னா என்னடி ஆகும்? உண்மையச் சொல்லு."

"தெரியலம்மா. தீர்ப்பெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகல. அவசியத்துக்கு விலகலாம்னு இருக்கு. எது அவசியம்னு…"

"வக்கீலம்மா," என்று அப்பா குறுக்கிட்டார். "டேங்க்ல பெட்ரோல் இருக்கா?"

"முக்கால் இருக்கு."

"டயர்ல காத்து?"

"இருக்குப்பா."

"அப்ப எந்த அவசியத்துல நிப்ப? செத்துக்கிட்டிருக்கறவள வேடிக்கை பாக்கறதுன்னு உன் புஸ்தகத்துல போட்டிருக்கா?" என் தோளைத் தட்டினார். "ஸ்டியரிங் உன் கையில இருக்கு கண்ணு. கேஸ் எழுதினா உன் பேருலதான் எழுதுவான். ஜெயிலுக்குப் போய் வந்தவள எந்த வக்கீல் பக்கத்துல உக்கார வைப்பான்? பல்லு டாக்டர்கூட வச்சுக்க மாட்டான்."

அது பொய்யில்லை.

மாரிஸ்டவுன் பலகை தெரிந்தது.

"எனக்கு பாத்ரூம் போகணும்," என்றாள் அம்மா.

நான் வலப்பக்கம் ஒதுங்க விளக்குப் போட்டேன். அந்த நொடியில் அவளுடைய சாமர்த்தியம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அப்பா கையை நீட்டி விளக்கை அணைத்தார்.

"தாராளமா போலாம். ஆனா இந்த எக்ஸிட் வேணாம். போலீஸ்காரன் நிறுத்தி, ஏன் இந்த ஊர்னு கேப்பான். அக்கா இங்கதான் கெடக்கான்னு தெரிஞ்சா நீ சொன்னது பொய்னு ஆயிடும். பொய் சொன்னா தண்டனை ஜாஸ்தி. இல்ல வக்கீலம்மா? அடுத்த எக்ஸிட்ல போய்க்கலாம். அதுவரைக்கும் அடக்கிக்க. முப்பத்தஞ்சு வருஷமா எவ்வளவோ அடக்கிட்ட."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு அது நல்ல நகைச்சுவை.

எக்ஸிட் வலப்பக்கம் வந்தது. சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். பின்னால் அம்மாவின் மடியில் பை சரசரத்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருப்பியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் நான் சொல்லுவேன் என்று அவள் காத்திருந்திருக்கலாம். வண்டி நேராகப் போயிற்று.

பூன்டனில் இறங்கினோம். பெட்ரோல் பங்க்கை ஒட்டி ஓர் உணவகம். அம்மா கழிப்பறைக்குப் போகவில்லை. அப்பா காபியும் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரமும் வரவழைத்தார்.

"அவசியத்துக்கு நிக்கலாம்ல? எனக்குப் பசி," என்று ஓரத்து மாவை நிதானமாக விண்டார். "பரவால்ல, நல்லா சுட்டிருக்கான். நீயும் ஒரு வாய் சாப்பிடு லொரெய்ன்."

அம்மா அவரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உன் போன்ல டாக்சி கூப்பிடலாம்ல? மாரிஸ்டவுனுக்கு ஒண்ணு கூப்பிடு."

"நானும் வரேம்மா."

"நீ எதுக்கு? நீதான டிரைவர். வண்டிய நிறுத்தி வச்சா குத்தமாயிடும்." அவள் குரலில் கடுகளவும் ஏளனமில்லை. "அப்பாவ ஜாக்கிரதையாக் கூட்டிட்டுப் போ."

அப்பாவின் வாயில் பலகாரம் இருந்தது. "லொரெய்ன், இப்ப நீ போனா நாங்க உனக்காகக் காத்திருக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும். சட்டம்."

"வெர்மான்ட்டுக்கு எப்படி வருவ?"

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நாங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்சி வந்ததும் பின்கதவைத் திறந்து ஏறினாள். அப்பா காபிக்கு இன்னொரு தடவை சர்க்கரை போட்டார்.

"வந்துடுவா," என்றார். "போன தடவ வரலியா?"

நியூ யார்க் எல்லையைத் தாண்டும்போது கிளிஃப் செய்தி அனுப்பினான். பெரியம்மா போய்விட்டாள். அம்மா உள்ளே வருவதற்குச் சற்று முன்பு. உடம்பில் சூடு இருந்தது. அம்மா காலுறையை மாட்டிவிட்டாளாம்.

பங்க்குக்கு ஓட்டியது, அப்பாவின் பலகாரம் வந்தது, டாக்சிக்குக் காத்திருந்தது, அது திரும்பிப் போனது எல்லாவற்றையும் மனதில் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும், முதல் எக்ஸிட்டில் இறங்கியிருந்தால் அம்மா அவளை உயிரோடு பார்த்திருப்பாள்.

அப்பாவிடம் சொன்னேன்.

"பாத்தியா," என்றார். "நின்னிருந்தாலும் பிரயோஜனம் இல்ல."

அம்மா வெர்மான்ட்டுக்கு வரவில்லை. கிளிஃப் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். அப்பா புது வீட்டில் துப்பாக்கிகளுக்குக் கண்ணாடி அலமாரி செய்து சுவரில் பதித்துவிட்டார். வருபவர்களிடம், ஒரு கீறல்கூட விழாமல் சட்டப்படிக் கொண்டுவந்தாள் என் மகள் என்று சொல்கிறார்.

கடந்த வாரம் வகுப்பு முடிந்ததும் ஆசிரியை டிலானியிடம் போய், யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். அவர் மேஜை விளிம்பில் உட்கார்ந்து யோசித்தார். கோர்ட்டில் எப்படிப் போகும் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஆனா அங்க கார் பார்க்கிங்ல வந்து யாரும்மா டிக்கியத் திறக்கச் சொல்லப் போறாங்க? அவங்க போயிட்டு வந்திருக்கலாமே."

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்தேன். சொல்லலாமா கூடாதா என்று கடைசிவரை தெரியவில்லை. டீச்சரிடம் கேட்கப் போவதாக முன்பே சொல்லியிருந்தேன்; அவளே கேட்டாள்.

"உங்க டீச்சர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கோர்ட்ல எப்படிப் போகும்னு தெரியலையாம். ஆனா யாரும் பாத்திருக்க மாட்டாங்கன்னாங்க."

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

"நீ நல்லா வருவேடி மெர்," என்றாள். "இந்த வேலைக்குன்னே பொறந்தவ நீ."

திட்டினாளா என்று தெரியவில்லை. வாழ்த்துவதுபோலத்தான் சொன்னாள்.