பத்துக் கோடியே ஒன்று

செவ்வாய்க்கிழமை மதியம் என் மனைவி செண்பகவல்லி பத்துக் கோடியே ஒன்று ஆகிவிட்டாள். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது ஆனாள். முன்னால் ஒரு ஒன்று, பின்னால் ஒரு ஒன்று, நடுவில் ஏழு சைபர்கள். கூடத்துச் சுவரோரமாக வரிசையாய் நின்றாள்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல. காத்து நல்லா வருது."

குரல் சைபர்கள் வழியாக வந்தது.

எனக்கு வேறொரு பயம் இருந்தது. எதிர்வீட்டு யோசுவாவும் சமீபத்தில்தான் எண்ணானார். சோதித்துவிட்டுப் பகா எண் என்றார்கள். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுகிறவர் குடும்பத்தோடு இருக்கக் கூடாது என்பது சட்டம். அன்றைக்கே அழைத்துப் போய்விட்டார்கள். அவரைப் பார்க்க அவர் மட்டும்தான் போகலாம். அவர் மனைவி இன்னும் இரண்டு பேருக்குத்தான் சமைக்கிறாள்.

சாயங்காலம் அதிகாரி ஞானதிரவியம் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, செண்பகவல்லியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார்.

"ஒத்தப்படை. பார்த்தா பகா எண் மாதிரிதான் இருக்கு."

"நல்லாப் பாருங்க சார்."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

மூன்றால் வகுத்தார். இரண்டு மீதி தரையில் விழுந்தது. கூடம் சற்று நீண்டது. ஏழால் வகுத்தார். மூன்று மீதி. பதினொன்றால் வகுத்தார். இரண்டு மீதி. கூடம் மறுபடி நீண்டது. பதின்மூன்றில் பத்து மீதி விழுந்தபோது, செண்பகவல்லி ரயிலடியின் அந்தக் கடைசியில் நிற்பவள்போலச் சின்னதாகத் தெரிந்தாள்.

"என்னங்க, அடுப்புல பால் இருக்கு," என்று அங்கிருந்து கத்தினாள்.

ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அதற்குள் அதிகாரி பேனாவை மூடியிருந்தார்.

"வழக்கமா பதிமூணோட நிறுத்திருவோம்."

"இன்னும் ஒரே ஒரு தடவை சார். பதினேழு."

"ஏன் பதினேழு?"

"அது இன்னும் பாக்கல இல்ல சார்."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. வகுத்தார். மீதி விழும் சத்தத்துக்காகக் காத்து நின்றேன். சத்தம் வரவில்லை. அதிகாரி குனிந்து நாற்காலிக்கு அடியிலும் பார்த்தார்.

"மீதி இல்ல. பதினேழு ஒரு காரணி. இன்னொண்ணு ஐம்பத்தெட்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து முந்நூத்தி ஐம்பத்தி மூணு. பகு எண்தான். வீட்லயே இருக்கட்டும்."

கூடம் பழைய அளவுக்கு வந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆனா குறைவெண்," என்றார் அதிகாரி. "தன்னைத் தவிர மத்த காரணிய எல்லாம் கூட்டினாலும் அவங்க அளவுக்கு வரல."

"அதனால ஏதும் பிரச்சினையா சார்?"

"ஒண்ணுமில்ல. நானும் குறைவெண்தான்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

"பசிக்குது," என்றாள் செண்பகவல்லி.

தட்டில் ரசம் சாதம் பிசைந்து கொண்டுவந்தேன். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஏதாவது ஒரு சைபர்ல வைங்க. எல்லாம் ஒரே வயிறுதான்."

நடுவில் இருந்ததில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.