ஒன்பதாம் குகையின் கடைசி இருபத்திரண்டு பக்கங்கள்

"மகான்களுக்கு மரணம் இல்லை. ஒரு நூலின் கடைசி வரியிலிருந்து அடுத்த நூலின் முதல் வரிக்கு அவர்கள் அடியெடுத்து வைக்கிறார்கள். அவ்வளவுதான்" என்று ஃப்ரீசர் பெட்டியின் மேல் வலது கையை ஊன்றிக்கொண்டு ஏகாம்பரம் முழங்கி முடித்தார். பெட்டி அவரை ஓர் உலுக்கு உலுக்கியது.

"அண்ணாத்தே, கைய எடு" என்றான் பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்த யூசுப். "எர்த்து கொஞ்சம் லூஸு. ஒரே ஊட்டுக்கு ரெண்டு பெட்டி எறக்க வெச்சிடாதே."

"அய்யோ நைனா!" என்று துள்ளிய ஏகாம்பரம், வேட்டியில் கையைத் துடைத்து, குரலையும் துடைத்துக்கொண்டார். "உணர்ந்தேன். அவருடைய ஆற்றல் இந்தக் கூடத்தில்தான் சுழன்றுகொண்டிருக்கிறது."

கொரட்டூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் ஏகாம்பரம். கடைக்கு மேல் மாடியில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கூடும் மறைஞான வாசகர் வட்டத்துக்கு அவர்தான் தலைவர். சித்தர் கதைகள், ஆவிக் கதைகள், குரு சிஷ்யன் கதைகள், மந்திர தந்திர நாவல்கள் என்று 'வாசித்தே தீர வேண்டிய நூற்றெட்டு நூல்கள்' பட்டியல் ஒன்றை அந்த வட்டம் போட்டிருந்தது. பதினோரு உறுப்பினர்களில் பத்துப் பேர் ஏழெட்டு நூல்களோடு இளைப்பு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஆவடி ஃபேக்டரி டிராயிங் ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் இருந்து ஓய்வுபெற்ற ரகுநாதன் ஒருவர் மட்டும் நூற்று ஏழையும் முடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். ஏகாம்பரம் அவற்றை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தார். வெளியூரிலிருந்துகூட ஆட்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

ரகுநாதனின் மனைவி தாயம்மாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை கணவனின் முகத்தில் இல்லை, நெஞ்சில் இருந்தது. நின்றுபோன இதயத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அவள் பார்த்தது நெஞ்சின் மேல் இருந்த புத்தகத்தை.

நூற்றெட்டாவது நூல் அது: 'செம்மலை ஒன்பதாம் குகை'. மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அட்டை. அட்டை மேல், ஸ்கேல் வைத்து எழுதியது போன்ற ரகுநாதனின் கையெழுத்து.

எழுத்து அவருடையது. வாசிப்புதான் அவருடையதில்லை. கண்ணாடியை மாட்டி இரண்டாம் பக்கத்தைத் தொட்டால் ரகுநாதன் தூங்கிவிடுவார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் முதல் புத்தகத்திலேயே இது தெரிந்துபோனது. முகத்திலிருந்து சரிந்து விழுந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டிய தாயம்மாள், சாம்பார் தீயும்வரை கீழே வைக்கவில்லை. அன்றிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. காலையில் அவள் படிப்பாள். மதியம் காய் நறுக்கிக்கொண்டே கதை சொல்வாள். அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி, நிறுத்தும் இடத்தில் எல்லாம் "அப்பறம்?" என்பார். கதை கேட்கும்போது மட்டும் அந்த மனிதருக்குத் தூக்கம் வராது. கேட்டுவிட்டு அவர் எழுதுவார். வட்டத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று விதி ஒன்றும் கிடையாது. யாரும் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

நேற்று மதியம் சொன்ன கதையில், ஒன்பதாம் குகைக்குள் நாற்பது வருஷமாக ஒரு சாமியார். யாரும் முகத்தைப் பார்த்ததில்லை. இருட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். கேட்டவன் ஞானியாகி இறங்கிவருவான்.

"டூப்பு" என்றார் ரகுநாதன். "அந்தச் சாமியாரு டூப்பு. எழுதி வெச்சிக்க."

"நீ எழுதி வெச்ச லட்சணந்தான் செவுத்துல தொங்குதே. இன்னும் இருபத்திரண்டு பக்கம் கீது. படிச்சிட்டு சொல்றேன், பேசாம படு."

"சொல்லாம தூங்கிட மாட்டியே?"

"மாட்டேன், போ."

அவரைக்காய் நார் ஒன்றை அடையாளம் வைத்துப் புத்தகத்தை அவர் மடியில் போட்டுவிட்டு டீ போடப் போனாள். திரும்பி வந்தபோது ஜன்னல் வெயிலுக்குத் தடுப்பாக முகத்தின் மேல் புத்தகத்தைக் கவிழ்த்திருந்தார். டீ ஆறியது. அதற்கப்புறம் அவர் அதைக் குடிக்கவே இல்லை.

தகவல் கேட்டு முதலில் ஓடிவந்தவர் ஏகாம்பரம். இறுதிக் கணத்திலும் நூலை முகத்தோடு அணைத்திருந்ததாகவும், உள்ளே தர்ப்பை போன்ற புனித நார் ஒன்று இருந்ததாகவும் அவர் வாட்ஸ்அப்பில் போட்டார். விடிவதற்குள் நாற்பத்தாறு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

"யூசுப்பு, அந்த மூடிய ஒரு தபா தொறயேன்" என்றாள் தாயம்மாள். "புக்க மட்டும் எடுத்துக்கறேன்."

"தொறந்தா கூலிங் பூடும்மா. குளிப்பாட்ட எடுக்கறப்போ பாத்துக்கலாம்."

"எடுக்கவே கூடாது" என்று குறுக்கே விழுந்தார் ஏகாம்பரம். "அம்மா, இந்த நூல் அவரோடு அக்கினிப் பிரவேசம் செய்யும். வட்டம் காலையிலேயே தீர்மானம் போட்டாகிவிட்டது. ஆறு கைகள் ஆதரவாக."

தாயம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வேன் மூன்று மணிக்கு. அவர் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கதையையும் பாதியில் விட்டதில்லை.

மருமகள் தீபிகா பக்கத்தில் வந்து குனிந்தாள். "அத்தே, எத்தினி பக்கம்?"

"இருபத்திரண்டு."

"குளிப்பாட்டி, துணி கட்டி, மாலை போட முக்கா மணி நேரம் ஆவும். போதுமா?"

"எழுத்து பொடி. பாக்கலாம்."

இரண்டு மணிக்கு யூசுப் மூடியைத் தூக்கினான். ஏகாம்பரம் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். தாயம்மாள் எழுந்து போய்க் கையை நீட்டினாள்.

"அதுக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சி, பொட்டு வெச்சித் தரணும். எங்க ஊட்டு வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. ஆனால் சடங்கு என்று யாராவது சொல்லிவிட்டால் ஏகாம்பரத்துக்கு முழங்கால் தானாக மடியும். "ஆகா" என்று கொடுத்துவிட்டார்.

பீரோ இருக்கும் அறைக்குள் தாயம்மாள் போனாள். கதவுக்கு வெளியே தீபிகா காவல் நின்றாள். தெருவில் மேளக்காரர்கள் கல்யாணத்தில் வாசிப்பதையே கொஞ்சம் வேகமாக வாசித்தார்கள். குளிர்ந்துபோன புத்தகம் விரலில் ஒட்டியது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, நாரை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள்.

பத்துப் பக்கம் போயிருக்கும். மகன் வெங்கட் கதவைத் தட்டினான். "அம்மா, வேன் வந்துடுச்சி."

"இருடா, பன்னெண்டு பக்கந்தான் கீது."

"இன்னாது?"

"நீங்க போயி மாலைய பாருங்க" என்று தீபிகா அவனைத் திருப்பினாள். வெங்கட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வீட்டில் அவனுக்கு அது பழக்கம்தான்.

பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அமுக்கி, அடக்கி, மூச்சு முட்டி வெளியே பீறிட்ட சத்தம். கூடத்தில் எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். "அழட்டும், விடுங்க" என்றாள் ஒரு பெண்.

தீபிகா உள்ளே எட்டிப் பார்த்தாள். மாமியார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கோடாக ஓடியது.

"இன்னா அத்தே? இன்னா ஆச்சு? யாரு அந்த சாமி... வேணா, சொல்லிடாதீங்க! நானும் படிக்கணும். இத்த போயி நெருப்புல போட உட்ருவீங்களா?" என்று புத்தகத்தைப் பறித்தாள். அட்டையை மட்டும் உருவினாள். அந்த அளவுக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடியதில் அடுக்களை மேல்தட்டில் ஒன்று அகப்பட்டது. அதற்கு அட்டையை மாட்டி, தண்ணீர் தெளித்து, பொட்டு வைத்து ஏகாம்பரத்திடம் கொடுத்தாள். நாவல் அரிசி மூட்டைக்குள் போனது.

வாய்க்கரிசி போட எல்லோரும் சுற்றி நின்றார்கள். ரகுநாதன் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை போல இருந்தார். தாயம்மாள் அரிசியைப் போட்டுவிட்டு, குனிந்து காதோரம் வாயை வைத்தாள்.

"நீ சொன்னதுதான் கரெக்டு. டூப்பு. ஊமை அந்த ஆளு. கொகைக்குள்ள குந்திகினு ஞானமா பேசுனதெல்லாம் சோறு எடுத்துகினு போன பொம்பள."

பழக்கத்தில் ஒரு நொடி நிறுத்தினாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அவ்ளோதான். முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா" என்று ஏகாம்பரம் நெருங்கினார். "செவியில் ஓதியது என்ன மந்திரம்? வட்டத்தின் பதிவுக்காக."

"அது குடும்ப விஷயம்ங்க."

"ரகசிய உபதேசம்" என்று அவர் பின்னால் இருந்தவர்களிடம் மொழிபெயர்த்தார்.

ஆறு மணிக்கு ஆண்கள் தலை ஈரத்தோடு திரும்பினார்கள். வீடு கழுவி விட்டிருந்தது. ஏகாம்பரம் மட்டும் வெறுங்கையோடு வரவில்லை.

"கரன்ட் சுடுகாட்டுல மாலை, புக்கு, கண்ணாடி, ஒண்ணும் உள்ள போவாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்கம்மா" என்றான் வெங்கட்.

"தீ ஏற்க மறுத்த நூல்!" என்று ஏகாம்பரம் அதைத் தலைக்கு மேல் தூக்கினார். "இனி இதை மானிடக் கண்கள் படிக்கலாகாது. கண்ணாடிப் பேழையில் வைப்போம். திறப்பவர் எவரும் இல்லை. இரண்டாம் ஞாயிறுதோறும் கற்பூரம்." வட்டத்து உறுப்பினர்கள் வரிசையாக வந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தீபிகா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள்.

"அம்மா, ஒரே ஒரு குறை" என்றார் ஏகாம்பரம். "நூற்றெட்டாவது நூலுக்கு அவர் குறிப்பு எழுதி வைத்திருக்கிறாரா?"

தாயம்மாள் காதிலிருந்த அவரைக்காய் நாரை எடுத்து விரலில் சுற்றினாள்.

"எழுதிட்டுதான் இருந்தாரு. நாளைக்கித் தேடித் தரேன்" என்றாள். "அத்த பத்திரமா வெச்சிக்குங்க."

காலண்டர் அட்டைக்குள் இருந்தது பிரஷர் குக்கரோடு வந்த செய்முறைப் புத்தகம். ஒன்பது மொழிகளில் இருந்ததால் தடிமன் சரியாக இருந்தது. குக்கரின் கேரண்டி கார்டு அதற்குள்தான் இருக்கிறது. இன்னும் எட்டு மாதம் பாக்கி.