நாப்பத்தொண்டு ஆரின்ரை இலக்கம்?

குருநகர்க் கத்தரீனாவுக்கு வாய் நீளம் எண்டு எங்கடை கம்பியூட்டர் அறையிலை எல்லாரும் சொல்லுவினம். ஓம், எனக்கு நீளம்தான். செய்யாத பிழையைத் தலையிலை கட்டினால் ஆர்தான் சும்மா இருப்பினம்?

தொண்ணூற்றிரண்டிலை யாழ்ப்பாணத்திலை ஏது கரண்ட்? மண்ணெண்ணையிலை ஓடுற எஞ்சின்தான். அது நாளுக்கு நாலு தரம் நிக்கும். ஓடுற ஒவ்வொரு புரோகிராமுக்கும் கம்பியூட்டர் ஒரு இலக்கம் குடுக்கும். எங்கடை அச்சுப் புரோகிராம் தொடங்கேக்கை தன்ரை இலக்கத்தை ஒரு பைலிலை எழுதி வைக்கும். ஒழுங்காய் முடிஞ்சால் தானே அழிக்கும். பைல் கிடந்தால், ஏற்கெனவே ஒண்டு ஓடுது எண்டு அடுத்தது தொடங்காது. எஞ்சின் திடீரெண்டு நிண்டால் பைலை ஆர் அழிக்கிறது? பொறுப்பாளர் சிவசுப்பிரமணியம் சேர்தான் கையாலை அழிப்பார். அழிச்சு அழிச்சு அவருக்கு அது பழகிப்போச்சு.

திங்கக்கிழமை எஞ்சின் நிக்கவேயில்லை. அதிசயம்! மனுசன் பழக்கதோசத்திலை, ஓடிக்கொண்டிருந்த புரோகிராமின்ரை பைலை அழிச்சு, இன்னொண்டைத் தொடக்கிவிட்டார். ரெண்டும் ஒரே பிரிண்டரிலை ஏறி, சோதனைப் பெறுபேறு முழுக்கக் கலந்துபோச்சு. பழி எனக்கு. மேலிடத்துக்குக் கடிதமும் எழுதி வைச்சிட்டார். புதன்கிழமை பட்டியல் திருத்தமாய் வராட்டி எனக்கு வேலை இல்லையாம்.

வந்த கோவத்திலை செவ்வாய் முழுக்க இருந்து பத்து வரி எழுதினன். பைல் கிடந்தால் இலக்கத்தை வாசி. அந்த இலக்கத்திலை ஏதும் ஓடுதோ பார். ஓடினால் பேரையும் கேள். எங்கடை அச்சுப் புரோகிராம் எண்டால் விலகு. இல்லாட்டி பைலை அழிச்சுப்போட்டுத் தொடங்கு.

புதன்கிழமை பாதிப் பட்டியலிலை எஞ்சின் நிண்டுது. நாலு துளி பெற்றோல் விட்டுத் திருப்பித் தொடக்கினம். பைலை அழிக்கச் சேரின்ரை கை கீபோட்டுக்குப் போச்சு.

"கையை எடுங்கோ சேர்!"

நானே புரோகிராமைத் தொடக்கினன். பைலிலை கிடந்த இலக்கத்தை வாசிச்சுத் திரையிலை விழுந்துது: இலக்கம் 41 ஓடுது.

"பாத்தீரே? உம்மடை புரோகிராம் விலகப்போகுது" எண்டார்.

அடுத்த வரி விழுந்துது: 41 மணிக்கூட்டுப் புரோகிராம். பழைய பைல் அழிச்சாச்சு. எஞ்சின் நிண்டு தொடங்கினதிலை எங்கடை பழைய இலக்கம் மணிக்கூட்டுக்குப் போயிருக்கு. பிரிண்டர் கிறீச்செண்டு இழுக்கத் தொடங்கிச்சு. ஐயோ, என்ரை பத்து வரி! துள்ளிக் குதிக்காத குறைதான். அண்டைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

சேர் ஒவ்வொரு தாளாய்ப் பென்சிலாலை சரிபாத்தார். ஒரு பிழை இல்லை. பிறகு லாச்சியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். பிழை விட்டவர் எண்ட இடத்திலை இருந்த என்ரை பேரை வெட்டி, மேலை தன்ரை பேரைச் சின்னனாய் எழுதினார்.

"ஆர் வாசிக்கிறது சேர்? பெரிசாய் எழுதுங்கோ" எண்டன்.

பெரிசாய் எழுதினார்.