நெக்குவுக்கு யார்க்கோ கொடுத்த குரல்

எங்கள் மகள் வென்லா படிக்கப் போனதிலிருந்து ஞாயிறுதோறும் அவளுக்கு ஒரு வீடியோ போகும். நான் போனில் எடுப்பேன். எங்கள் நாய் நெக்குவின் மனதில் ஓடுவதை என் கணவன் யார்க்கோ மூக்கால் பேசுவான். நாலு பேர் முன்னால் வாயே திறக்காத மனுஷன், நாய்க்குரல் வந்துவிட்டால் நிறுத்தமாட்டான். என்னைத் திட்டுவதென்றாலும் அந்தக் குரலில்தான். "அம்மா இன்னைக்கும் உருளைக்கிழங்கைக் கருக்கிட்டாங்க வென்லாக்கா!"

அந்த ஏப்ரல் ஞாயிறு, நெக்கு ஏரிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க ஓடி விளையாடிய அதே உறைந்த ஏரிதான். ஐஸில் ஒரு காலை வைத்தது, உடனே எடுத்துக்கொண்டது.

"எடு ஹெய்னி, எடு!" என்று யார்க்கோ குதித்தான். உடனே மூக்குக்குரல் வந்தது. "வென்லாக்கா, நான் இன்னைலேருந்து ஸ்டிரைக். சாசேஜைப் பெருசாக்குற வரைக்கும் ஐஸ்ல கால் வைக்கமாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நெக்குவின் காதுகள் பின்னால் படிந்திருந்ததையும் பார்த்தேன்.

"அது பயப்படுது யார்க்கோ. ஐஸ் எப்படிக் கறுத்துக் கெடக்கு பாரு."

"நேத்துதான் துளை போட்டுப் பார்த்தேன். முழங்கை நீளத்துக்குக் கனமா இருக்கு. நீயும் நெக்குவும் ஒரே கட்சி போ!"

கனம் இருந்திருக்கும். ஆனால் ஏப்ரல் வெயில் உள்ளே இறங்கி ஐஸை ஊசி ஊசியாகப் பிரித்து வைத்திருக்கும். இங்கே அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து நடந்த ஏரி தன்னை ஒன்றும் செய்யாது என்ற திமிர் அவனுக்கு.

நெக்குவுக்கென்று கொண்டுவந்திருந்த சாசேஜைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஐஸ் மேல் பின்பக்கமாக நடந்தான்.

"வா நெக்கு, வா! ஹெய்னி, எங்க ரெண்டு பேரையும் சேர்த்து எடு!"

நெக்கு அசையவில்லை. தொண்டைக்குள் முனகிக்கொண்டே இருந்தது. அவன் அதற்கும் குரல் கொடுத்தான். "ஐயோ, இந்த ஆளு போறாரே! இவரு திரும்பி வரலேன்னா எனக்கு யாரு சாப்பாடு..."

உடையும் சத்தமே கேட்கவில்லை. ஊறிய ரொட்டி மாதிரி ஐஸ் விட்டுக்கொடுத்தது. தலையும் ஒரு கையும்தான் தெரிந்தன.

நான் போனை எறிந்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த படகின் அடியிலிருந்து துடுப்பை இழுத்தேன். அதற்குள் நெக்கு ஐஸில் இறங்கிவிட்டது.

"வராதே! நெக்கு, வராதே!" இப்போது அவன் சொந்தக் குரலில் கத்தினான்.

வா என்றபோது வராத நாய், வராதே என்றபோது போனது. வயிறு ஐஸில் பட ஊர்ந்து அவன் சட்டைக் கையைக் கவ்விக்கொண்டது. விளிம்பு இடிந்து அதுவும் உள்ளே விழுந்தது. அவன் ஒரு கையால் அதன் தோளில் மாட்டியிருந்த வாரைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

நான் படுத்தபடியே நகர்ந்து துடுப்பை நீட்டினேன். ஒரு கையால் பிடித்தான், வழுக்கியது. மறுபடி பிடித்தான், வழுக்கியது.

"ரெண்டு கையாலயும் பிடி!" என்று அலறினேன்.

என்னைப் பார்த்தான். நெக்குவைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் பிடித்தான்.

அவனை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து உலர்ந்த துணி மாற்றி, எல்லாப் போர்வைகளையும் போர்த்தி, ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தோம். பல் கிடுகிடுவென்று அடிக்க, அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசு, ஏதாவது பேசு என்று உலுக்கினேன்.

"குளிருது அம்மா" என்றான், மூக்கால்.