விளிம்பு குறைந்த சதம்

உம்றாவுக்கு மக்கா போகிறவர்கள் புறப்படும் முன் வீடு வீடாக ஏறி, தெரிந்தவர்களிடம் செய்த பிழைக்கெல்லாம் மாப்புக் கேட்பது எங்கள் மருதமுனையில் வழக்கம். கேட்டதும் "மாப்புச் செஞ்சிட்டன்" என்று சொல்லிவிட வேண்டும். அதுவும் வழக்கம்தான். அந்தத் துணிச்சலில்தான் ஷரிபுதீன் நானா என் வாசலுக்கு வந்தார். புது வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம் வேறு.

கல்முனைக் கடைத்தெருவில் பழைய காசு வாங்கி விற்கிறவர் அவர். மூன்று கிழமைக்கு முன் வாப்பாவின் பெட்டியில் கிடந்த செப்புச் சதம் ஒன்றை அவரிடம் கொண்டுபோனேன். நூறு வருசத்துக் காசு, ஒரு பக்கம் பிறை அளவுக்கு விளிம்பு குறைந்திருந்தது. அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன காசுக்கு நல்ல விலை என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் மறுபக்கம் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது அரத்தால ராவின காசு. அரம் யாருட்ட வாங்கின இன்ஷிரா?" என்றார், கடை நிறைய ஆட்கள் இருக்க. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எனக்கு நெய்ய நூல் தருகிற கச்சிமுகம்மது முதலாளியும் ஒருவர்.

ஏழு வருசமாக என்னை நம்பி நூல் தந்தவர் அடுத்த தரமே தராசை எடுத்தார். நூலை நிறுத்தார், நெய்து கொடுத்த சாரன்களையும் நிறுத்தார். நான் களவெடுக்கிறேனாம். பிறகு, இந்த மாதத்தோடு நூல் இல்லை என்று ஆள் அனுப்பினார். புருஷன் மௌத்தாகி நான் விதவையான வீட்டில் இருப்பது ஒரு தறி. அது நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மாப்புத் தாங்க தங்கச்சி" என்றார் ஷரிபுதீன் நானா.

"இருங்க" என்று உள்ளே போய், அந்தச் சதத்தையும் முழுச் சதம் ஒன்றையும் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன்.

"நெய்யக்குள்ள ஒரு இழை விட்டுப்போனா பக்கத்து இழையெல்லாம் அந்த இடத்துக்குச் சரியும். நெய்ஞ்ச பிறகு வெட்டினா சரியாது, மொட்டையா நிக்கும். இப்ப இந்த எழுத்தப் பாருங்க. குறைஞ்ச பக்கமா இழுபட்டிருக்கா இல்லையா?"

"ஓம்" என்றார்.

"இனி நேர் எதிர்ப்பக்க விளிம்பத் தடவிப் பாருங்க. முழுச் சதத்துல எழும்பி நிக்குது, இதுல மழுங்கிக் கிடக்கு. அச்சடிக்க முந்தியே தகடு குறைஞ்ச காசு எண்டாத்தான் விளிம்பு கட்டக்குள்ள எதிர்ப்பக்கத்துல அழுத்தம் விழாது. நான் இந்தப் பக்கம் ராவினா அந்தப் பக்கம் ஏன் மழுங்குது? வாப்பாட பெட்டியில கிடந்த மிச்சச் சதமெல்லாம் வெச்சு மூண்டு கிழமையாப் பாத்துப் படிச்சன். உங்கட தொழில உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிக் கிடக்கு."

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"அசல்தான் தங்கச்சி. வெட்டிப்போட்டு எத்தனையோ பேர் வாறாங்க, அந்த எரிச்சல்ல கதைச்சிட்டன். நல்ல விலை தாறன்."

"விலை கிடக்கட்டும். கடையில வெச்சுச் சொன்னதக் கடையிலேயே திருப்பிச் சொல்லுங்க, முதலாளியையும் கூப்பிட்டு."

"நாளைக்கு விடியப் பிளேன். போயிட்டு வந்து கட்டாயம் சொல்றன்."

"திரும்பி வருவமோ மாட்டமோ தெரியாதெண்டுதானே நானா இப்ப மாப்புக் கேட்டு வந்தீங்க?"

கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு, "பின்னேரம் கடைக்கு வாங்க" என்றார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு கடையைத் திறந்தார். முதலாளி வந்தார், அக்கம்பக்கத்துக் கடைக்காரரும் வந்தார்கள். அந்தக் காசு அசல், பிழை தன்னுடையது, இந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கச் சொல்லச் சொன்னேன். மறுபடியும் சொன்னார்.

முதலாளி தாடியைத் தடவினார். "நான் அண்டைக்கே நம்பல்ல புள்ள."

"நம்பாத ஆள் ஏன் தராசத் தூக்கினீங்க?"

நாளைக்கு நூல் வரும் என்று மட்டும் முணுமுணுத்தார். ஷரிபுதீன் நானாவுக்கு அங்கேயே வைத்து மாப்புச் செய்தேன். முதலாளி என்னிடம் மாப்புக் கேட்கவில்லை. அவர்தான் எங்கேயும் பயணம் போகவில்லையே.